வில்ஃப் ஸ்டோபார்ட்டின் கடல் பயணங்கள்

உயிரோடு இருந்தவரை வில்ஃப் ஸ்டோபார்ட் நியூகாசிலைத் தாண்டிப் போனதில்லை. அங்கே போனதும் ஒரே ஒரு தடவை, பல் பிடுங்க. செத்த பிறகு அவன் பார்க்காத துறைமுகம் இல்லை. ஹாலிஃபாக்ஸ், முர்மான்ஸ்க், கராச்சி, புவனஸ் அயர்ஸ் என்று பத்தொன்பது வருஷம் சுற்றினான். வியர் ஆற்றங்கரையில் எங்கள் தெருவில் பிறந்தவர்களில் அவ்வளவு தூரம் போனவன் யாரும் இல்லை.

அவன் செத்தானா என்பதில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். அது அவன் பெண்டாட்டி ஹில்டாவுக்கு மட்டும் தெரியும்.

நாற்பத்து மூன்றில் எங்கள் ஆற்றில் கப்பல் கட்டுவது ரொட்டி சுடுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஒரே அச்சு, ஒரே நீளம், மணிக்குப் பத்து மைல் போனால் பெரிது. நாம் கட்டுவதைவிட வேகமாக ஜெர்மன்காரன் மூழ்கடித்துக்கொண்டிருந்தான். அரசாங்கக் கப்பல் எல்லாவற்றுக்கும் 'எம்பயர்' என்று தொடங்கும் பெயர்தான் வைக்க வேண்டும். லண்டனில் அதற்கென்று உட்கார்ந்திருந்தவர்கள் மரம், பறவை, புலவர் என்று எல்லாப் பெயரையும் தீர்த்துவிட்டார்கள். கடைசியில் எங்களுக்கு வந்தது 'எம்பயர் மார்லிங்'. மார்லிங் என்பது ஊரா, மீனா, யாருடைய மாமனாரா என்று கட்டினவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் நேரமில்லை.

தகட்டோடு தகட்டைச் சேர்க்க ரிவெட் அடிப்பார்கள். காய்ச்சிச் சிவந்த ஆணியைத் துளையில் நுழைத்து, வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போட, உள்ளே ஒருவன் கனத்த இரும்பை ஆணித் தலைக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பான். வெளியே அடித்தவர்களில் இடக்கைக்காரன் செப்டிமஸ் காக்ஸன். உள்ளே முட்டுக் கொடுத்தவன் வில்ஃப். இந்த வேலையைப் பத்து வருஷம் செய்தால் காது போய்விடும். எங்கள் ஊரில் காது கேட்கிற ரிவெட்காரனைப் பார்த்தால், அவன் வேலைக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை என்று அர்த்தம். அதனால் பட்டறையில் எல்லாரும் குரல் இல்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். பெண்டாட்டிமாருக்கும் அது பழகிவிடும்.

எம்பயர் மார்லிங்கின் அடிவயிற்றில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு வெற்றறை. அதற்குக் கதவு கிடையாது. கட்டி முடித்ததும் கடைசித் துளையை, உள்ளே முட்டு வேண்டாத திருகு ரிவெட்டால், வெளியிலிருந்து தகடு வைத்து மூடிவிட்டால், கப்பலை உடைக்கிற அன்றுதான் மறுபடி வெளிச்சம் பார்க்கும். மூடுவதற்கு முன்னால் ரிவெட்காரன் துளைக்குள் தலையை விட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட வேண்டும். அது அங்கத்து வழக்கம். செப்டிமஸ் தலையை விட்டு, "வில்ஃப்" என்று கூப்பிட்டான். பதில் கேட்கவில்லை. அவன் காதைப் பொறுத்தவரை, பதில் கேட்கவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். மூடலாம் என்று கையைக் காட்டினான்.

மறுநாள் கப்பலை ஆற்றில் இறக்குகிற நாள். வில்ஃப் வேலைக்கு வரவில்லை. அவனுடைய வேலைக் கோட்டும் தொப்பியும் கொட்டகை ஆணியில் தொங்கின. செப்டிமஸ் கோட்டைப் பார்த்தான், கப்பலின் அடியைப் பார்த்தான், சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அடித் தகட்டில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு ஏழெட்டுப் பேர் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுகிறான் என்று ஏழெட்டுப் பேரும் சத்தியம் செய்தார்கள். பக்கத்து மேடையில் இன்னொரு கப்பலுக்கு முந்நூறு சம்மட்டி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்களில் ஒருவனுக்கும் பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆற்றில் ஏறும் கடல்நீர் யாருக்கும் காத்திராது. அமைச்சக அதிகாரியின் மனைவி தொப்பியில் இறகு வைத்துக்கொண்டு மேடையில் ஏறியாகிவிட்டது. "போர் நடக்கிறது" என்றார் மேலாளர். அந்த வருஷம் அதற்கு மேல் யாரும் எதற்கும் காரணம் சொன்னதில்லை. கப்பலுக்குப் பெயர் சூட்ட அம்மாள் ஷாம்பெய்ன் புட்டியை வீசினாள். முதல் தடவை அது கப்பலில் படவே இல்லை. இரண்டாம் தடவை உடைந்தது. கப்பல் நகர்ந்தது. பேண்டு வாசித்தது. செப்டிமஸ் தொப்பியைக் கழற்றினான்.

ஹில்டாவுக்கு முந்தின சாயங்காலமே தெரியும். அலமாரிக்கு அடியில் வில்ஃபின் நல்ல ஷூ இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அலமாரிக்குள் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்த லீக் விதைக்கதிரும் இல்லை. லீக் என்பது தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒன்று. எங்கள் பக்கத்து ஆண்கள் அதை வளர்ப்பது தின்பதற்கு அல்ல. கை பருமனுக்கு வளர்த்துப் போட்டியில் வைத்துப் பரிசு வாங்குவதற்கு. விதையைப் பெண்டாட்டியிடம்கூடக் காட்ட மாட்டார்கள். தண்டின் அடியில் லேசாக நீலம் ஓடிய வில்ஃபின் ரகம் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. ஷூவை எடுத்துப் போனவன் திரும்பி வரலாம். விதையை எடுத்துப் போனவன் வர மாட்டான்.

கப்பல் இறங்கிய அன்று மாலை பாதிரியாரும், சங்கச் செயலாளர் கத்பர்ட் கேலிலீயும், செப்டிமஸும் வந்து சமையலறையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"அவரு வந்து..." என்று ஹில்டா வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு," என்றார் கேலிலீ. "எங்களுக்கு எல்லாம் தெரியும்."

கேலிலீ பேச ஆரம்பித்தால் நடுவில் நுழைய இடம் கிடைக்காது. அவர் முடித்தபோது வில்ஃப் தொழிலாளி வர்க்கத்தின் தியாகி, ஹில்டா தியாகியின் விதவை. மூலையில் செப்டிமஸ் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நின்றான். சொல்லியிருந்தால் அவள் கட்டினவன் கைவிட்டுப் போனவள். நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குத் தெருவே வந்து அழுதது. அதற்கு அடுத்த நாள், விதவை என்பதால் அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று கம்பெனி சொல்லி அனுப்பியது. அப்புறம் சொல்லுவதற்கு நாளே வரவில்லை. போர்க்காலத்தில் மனுஷன் தொலைவது சுலபம். அவள் அழவில்லை. அதற்கும் ஊர், 'எப்பேர்ப்பட்ட மனதைரியம்' என்றது.

அதன் பிறகு கப்பல் போகிற இடமெல்லாம் வில்ஃப் போனான். துறைமுகச் செய்தி பார்க்கிறவர்கள் அவளைக் கடை வாசலில் நிறுத்திச் சொல்வார்கள்.

"உங்க வீட்டுக்காரர் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேந்துட்டாரும்மா. கோதுமை ஏத்துறாங்களாம்."

"அப்படியா."

"ரஷ்யா பக்கம் போறாராம். குளிர் ஜாஸ்தி."

"கம்பளி பனியன் ஒண்ணு இருந்துச்சு," என்பாள் ஹில்டா. அவர்கள் மூக்கைச் சிந்திக்கொள்வார்கள்.

முர்மான்ஸ்க் போகும் வழியில் ஒரு டார்பிடோ எம்பயர் மார்லிங்கின் முன்மூக்கை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் வந்த கப்பலில் வெடித்தது. வில்ஃப்தான் காப்பாற்றினான் என்றார் கேலிலீ. பின்னால் வந்த கப்பலை ஏன் காப்பாற்றவில்லை என்று யாரோ கேட்டதற்கு, அது வேறு ஊரில் கட்டிய கப்பல் என்றார்.

போர் முடிந்ததும் லண்டன் கம்பெனி ஒன்று அதை வாங்கி 'லேடி ஹென்ரியட்டா' என்று பெயர் மாற்றியது. முதலாளியின் மகள் பெயர். கொஞ்ச நாள் புவனஸ் அயர்ஸிலிருந்து எலும்புத்தூள் ஏற்றினாள். பிறகு ஒரு கிரேக்கர் வாங்கி, தங்கள் ஊர்ப் புனிதர் பெயரில் 'அயியோஸ் ஸ்பிரிடோன்' ஆக்கினார். ஒரு சீமாட்டி ஒரே வாரத்தில் புனிதர் ஆனாள். புனிதர் சிமெண்ட் சுமந்தார். அதற்கப்புறம் பனாமாக் கொடி. பனாமாவைக் கண்ணால் பார்க்காத ஒருவர் பெயரில் பழைய இரும்பு, நிலக்கரி, கராச்சிக்கு ஒருதரம் பன்றிகூட. எஞ்சின் இரும, மேல்தளம் ஒழுக, மாலுமிகள் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடிப்போனார்கள். ஒவ்வொருவரும் முந்தின பெயருக்கு மேல் வண்ணம் பூசினார்களே தவிர, வெல்டிங்கில் பற்றவைத்த முதல் எழுத்துகளைச் சுரண்டச் செலவழிக்கவில்லை. வெயில் சாய்வாக அடித்தால் புனிதருக்கு அடியில் எம்பயர் மார்லிங் தெரியும்.

பன்றிச் செய்தியை மட்டும் ஹில்டாவிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பத்தொன்பது வருஷமும் சனிக்கிழமை தவறாமல் செப்டிமஸ் கைவண்டியில் விறகு கொண்டு வருவான். பட்டறையில் வெட்டிக் கழித்த மரம். கொல்லைக் கதவைத் திறக்கும்போதே, செத்தவன் வீடு என்று தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொள்வான். விறகை அடுக்கி முடித்து வெளியே போய்த்தான் மறுபடி தலையில் வைப்பான். மழையென்றாலும் அப்படித்தான். வழுக்கை விழுந்ததே அதனால்தான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். உள்ளே வந்தால் ஒரு டீ. வில்ஃபின் நாற்காலியில் உட்கார மாட்டான். நின்றபடி குடிப்பான்.

புத்தாண்டு தோறும் ஒரு கேள்வி கேட்பான். அவன் குரலுக்கு அது ரகசியம். நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"ஹில்டா, நீயும் தனியா இருக்க. நானும் தனியாத்தான் இருக்கேன்."

"வில்ஃப் இன்னும் கப்பல்ல இருக்காரே, செப்."

"ஆமா," என்பான். "அதுவும் சரிதான்."

அவள் புருஷன் மேல் வைத்த பிரியம் என்று அவன் எடுத்துக்கொண்டான். புருஷன் உயிரோடு இருக்கையில் இன்னொருவனைக் கட்டினால் சட்டம் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். சர்ச் பெண்களோடு ஆஷிங்டன் போன ஒரு செப்டம்பரில், அங்கத்துச் சுரங்கக்காரர்களின் லீக் கண்காட்சியில் முதல் பரிசு அட்டைக்கு முன்னால் அவள் நின்றிருக்கிறாள். அடியில் லேசாக நீலம் ஓடிய லீக். அட்டையில் வேறு யாரோ பெயர். மற்றப் பெண்கள் வந்து இழுக்கும்வரை நின்றுவிட்டு, பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

அறுபத்திரண்டில் கப்பல் திரும்பி வந்தது. உடைப்பதற்கு. வேறு எந்த ஊரும் அதற்கு நல்ல விலை கொடுக்கவில்லை. எங்கள் ஆற்றிலேயே, கட்டின மேடைக்கு எதிர்க்கரையில், உடைப்புக்காரர்களின் சேற்றுத்துறையில் இழுத்து வந்து கட்டினார்கள். அங்கே வாயுச் சுடரால் இரும்பு வெட்டுகிறவன் யார் என்றால் செப்டிமஸ். வெல்டிங் வந்து ரிவெட்காரர்களைத் துரத்தியபின், கட்டின கையாலேயே வெட்டப் போனவர்களில் அவனும் ஒருவன்.

கேலிலீ புது டை கட்டிக்கொண்டு ஹில்டா வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் வட்டாரச் செயலாளர்.

"கடைசியில வீடு திரும்பிட்டாரு கண்ணு. முறையா அடக்கம் பண்ணிடுவோம். கவுன்சிலர் வர்றேன்னுட்டாரு. பேண்டுக்குச் சொல்லியாச்சு. கேப்டன் ரூம் தேக்கை உரிச்சுப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு இவ்வளவு," என்றாள் ஹில்டா.

"உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு தெரியும். இது உனக்காக இல்ல. வரலாற்றுக்காக."

வசந்தத்தில் புகைபோக்கியை எடுத்தார்கள். கோடையில் மேல்தளம், கொடிமரம், எஞ்சின். கப்பல் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் அக்கரை வீடுகள் ஒவ்வொரு வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன. செப்டம்பரில் அடிவயிறு மட்டும், சேற்றில் கிடக்கும் பழைய தட்டு மாதிரி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் ஹில்டா வேலியோரம் போனாள். தட்டை ரொட்டியில் பன்றிக்கறியும் பட்டாணி மசியலும் வைத்துத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். அவள் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. செப்டிமஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டான்.

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா என்ன செய்வே, செப்?"

"இருக்கும். நான்தானே மூடினேன்."

"ஒருவேளை..."

"அவன வெளிய எடுத்துட்டா நான் தூங்கிடுவேன், ஹில்டா. பத்தொன்பது வருஷமா அந்தத் தட்டுற சத்தம் காதுல இருக்கு. வேற எதுவும் கேக்கறதில்ல, அது மட்டும் கேக்குது." ரொட்டியைக் கடித்தான். "அப்புறம் நீயும் ஒரு பதில் சொல்லலாம். அவசரம் இல்ல."

அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திறக்கிற நாள் கடல் மூட்டம் ஆற்றுக்குள் ஏறி வந்திருந்தது. கவுன்சிலர் கழுத்துச் சங்கிலியோடு பலகை மேல் நின்றார். அவருடைய ஷூவுக்காகப் பலகை போட்டிருந்தது. பாதிரியார், பேண்டு, தேக்குப் பெட்டி, அதன்மேல் சங்கக் கொடி. ஹில்டாவை முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செப்டிமஸ் தான் அடித்த ரிவெட்டுகளின் தலையை ஒவ்வொன்றாக வெட்டினான். ஒன்றுகூட ஆட்டம் கண்டிருக்கவில்லை. தகடு விழுந்தது. பேண்டு நிறுத்தியது.

செப்டிமஸ் துளைக்குள் தலையை விட்டான். இந்தத் தடவை கூப்பிடவில்லை. இடுப்புவரை போனான், பிறகு பூட்ஸும் உள்ளே போனது. ரொம்ப நேரம் கழித்து, முகமெல்லாம் துருவாக வெளியே வந்தான். கையில் ஒரு தகர டப்பா. சாப்பாட்டு டப்பா. மூடியில் ஆணியால் கீறிய 'வி.ஸ்.'

"வேற?" என்றார் கேலிலீ.

"அவ்வளவுதான்."

சேற்றில் யாரோ இருமினார்கள். கவுன்சிலர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் எலும்புகள் என்று மூன்று இடத்தில் இருந்தது.

"கரைஞ்சு போச்சு," என்றார் கேலிலீ. "உப்புத் தண்ணி."

"அது வெற்றறைங்க," என்றான் தகட்டுக்காரன் ஒருவன். "தண்ணி எப்படிப் போகும்?"

"வியர்வை. இரும்பு வியர்க்கும். பத்தொன்பது வருஷ வியர்வையில மனுஷன் கரைஞ்சிடுவான்."

"உயிரோட இருக்கையில வில்ஃப் வியர்த்து நான் பாத்ததில்லையே," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கேலிலீ திரும்பினார். யாரும் அங்கே இல்லாத மாதிரி எல்லாரும் நின்றார்கள். டப்பா இருக்கிறது, ஆள் இல்லாமல் டப்பா எப்படி வரும் என்றார் பாதிரியார். அது போதுமானதாக இருந்தது. டப்பாவைப் பெட்டியில் வைத்தார்கள். தூக்குகிறவர்களுக்கு ஒரு மனுஷன் கனம் தெரிய வேண்டுமே என்று வெற்றறையின் துருவை அள்ளிப் போட்டார்கள். அதுவும் போதாமல் இரண்டு தகட்டுத் துண்டு. கவுன்சிலர் எழுதி வந்ததை எழுதி வந்தபடியே வாசித்தார். இதோ இந்த எலும்புகள் என்ற இடத்தில் கையை டப்பாவின் பக்கம் நீட்டினார். பாதிப் பேர் அழுதார்கள். ஹில்டா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தினமும் கழுவி வைத்தவள் அவள்தான்.

எங்கள் வீட்டுக்கும் ஹில்டா வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். செப்டிமஸுக்கோ காது மந்தம், தன் குரல் தனக்கே கேட்காது. இதற்கு மேல் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். அன்று வேலை முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவன் வந்தான்.

"இதப் பாரு, ஹில்டா."

கைக்குட்டையை மேஜையில் பிரித்திருக்க வேண்டும்.

"எலி," என்றாள் அவள்.

"முழு எலி. வால் நுனி வரைக்கும் எலும்பு இருக்கு. டப்பா பக்கத்துல சுருண்டு கெடந்துச்சு. சாப்பாட்டு வாசனைக்கு உள்ள போயி, நான் மூடினதுல மாட்டியிருக்கு. யாரும் பாக்கறதுக்குள்ள பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். எலி கரையல. மனுஷன் மட்டும் எப்படிக் கரைவான்?"

"மெதுவாப் பேசு, செப்."

"மெதுவாத்தான் பேசறேன்."

அதன் பிறகு அவள் குரல் கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் மாதிரி உதட்டால் பேசினாள் போலிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பாதிப் பேச்சுதான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

...

"மொத நாளேவா?"

...

"விதையா? என்ன விதை?"

...

"பொண்டாட்டிய விட்டுட்டு விதைய எடுத்துக்கிட்டுப் போனானா?"

...

"ஆஷிங்டன்லயா? மொதல் பரிசா?"

...

"பெரிசா இருந்துச்சா?"

அவனும் லீக் போடுகிறவன்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை. கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. யாரும் எழுந்து போய் எடுக்கவில்லை.

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன், ஹில்டா. இத்தனை வருஷமும்."

அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. சொன்னாளா என்றும் தெரியாது. கொல்லைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது. நாளை மறுநாள் அடக்கம். பெட்டி தூக்குகிற ஆறு பேரில் முன்னால் இடப்பக்கம் அவன்.

அவன் வாயைத் திறந்தால் தீர்ந்தது. வீடு போகும். அதைவிட, தெரு முழுக்க இத்தனை வருஷம் அழுத கண்ணீரைத் திருப்பிக் கேட்கும். அடக்கத்துக்குப் புறப்படும்போது ஹில்டா கறுப்புக் கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழே போட்டாள், ஒன்று தப்பியிருந்தது, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டாள். செப்டிமஸ் பெட்டியைத் தூக்கினான். துருவும் இரும்பும் உள்ளே சரிந்து சரிந்து ஓடின. 'அமைதியில்லாத ஆத்மா' என்றாள் என் பெண்டாட்டியின் அக்கா. குழியில் இறக்கும்போது கயிறு கையை அறுத்தது. அவன் பிடியை விடவில்லை.

அதன் பிறகு சங்கக் கிளப்பில் சாப்பாடு. எங்கள் பக்கம் பன்றிக்கறி வெட்டிப் போடாமல் அடக்கம் நிறைவேறாது. முந்தின நாள்தான் அங்கே லீக் கண்காட்சி முடிந்திருந்தது. மேஜைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். குழந்தை கனத்துக்கு லீக்குகள் ஜோடி ஜோடியாகக் கறுப்புத் துணியில் கிடந்தன. அவற்றின் நடுவே கறித் தட்டு. அறை முழுக்க மண்ணும் பச்சையுமாக வாசனை.

கேலிலீ பேசினார். கவுன்சிலர் கேலிலீயைப் பற்றிப் பேசினார். கேலிலீ கவுன்சிலருக்கு நன்றி சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட நின்னு வேலை செஞ்சவன் ஒரு வார்த்தை சொல்லணும். செப், எழுந்திரு" என்றார்.

செப்டிமஸ் எழுந்தான். கத்தியும் முள்ளும் நின்றன. ஹில்டா தட்டில் இருந்த கறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். கறித்துண்டை முள்ளால் குத்தி, எடுக்காமல், அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வில்ஃப்..." என்றான். அவன் ரகசியக் குரலே ஹாலை நிறைக்கும், இது ரகசியமும் இல்லை. "வில்ஃப் ரொம்ப ஜாக்கிரதையான ஆளு." ஓரமாகக் கிடந்த லீக்குகளைப் பார்த்தான். "தனக்கு வேணும்கறத எங்கயும் விட்டுட்டுப் போனதில்ல."

உட்கார்ந்தான்.

அதைவிட நல்ல பேச்சு அந்தக் கிளப்பில் யாரும் பேசினதில்லை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். பாதிரியார் அதைக் கல்லறைக் கல்லில் பொறிக்கலாம் என்றார். பொறித்தும் இருக்கிறார்கள், போனால் பார்க்கலாம். ஹில்டா முள்ளைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து, கறியைச் சாப்பிட்டு முடித்தாள்.

கப்பலின் அடித்தகடுகளை அந்த வாரமே உருக்காலைக்கு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். இப்போது எதுவாக இருக்கிறதோ தெரியாது. பாலமாக இருக்கலாம், முகச்சவர பிளேடாக இருக்கலாம். கேலிலீயைக் கேட்டால் பாலம் என்பார்.

சனிக்கிழமை வந்தது. கைவண்டி வராது என்று நாங்கள் நினைத்தோம். இனி எதற்கு வர வேண்டும்? ஹில்டாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள், குழாய் ஓடிய நேரத்தை வைத்து எங்களுக்குத் தெரியும். தூறல். வழக்கமான நேரத்துக்குச் சந்தில் சக்கரம் கடகடத்தது.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு செப்டிமஸ் வந்தான். தொப்பி தலையிலேயே இருந்தது.

விறகை இறக்கினான். கப்பல் மரம், வெள்ளை வண்ணத்துக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் போர்க்காலச் சாம்பல். ஒவ்வொன்றாக அடுக்கினான். ஹில்டா கதவருகில் வந்து நின்றாள்.

"தொப்பியக் கழட்டலையே."

"கழட்டல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் கடைசிக் கட்டையை வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"இதோட தீந்துது. அந்தக் கப்பல்ல இனி மரம்னு ஒண்ணும் கெடையாது."

"அப்போ அடுத்த சனிக்கிழமை?"

"கொண்டு வர்றதுக்கு ஒண்ணும் இல்ல, ஹில்டா."

வண்டியைத் திருப்பினான். வெற்று வண்டி கல்லில் பெரிய சத்தம் போட்டது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் உதட்டசைவுக்கு வழியில்லை. அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் திரும்பவில்லை. அப்போது, எங்கள் தெருவில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஹில்டா கத்தினாள்.

"சும்மா வான்னு சொன்னேன். வெறுங்கையோட வா."

மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. எங்களுடையது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

செப்டிமஸ் வண்டியை நிறுத்தினான். சொட்டுகிற தொப்பியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டான்.

"கேட்டுச்சு," என்றான். "மொதத் தடவையே கேட்டுச்சு."